பசலை பூசும் மென்பொருள்

மாஞ்சோலையைப் படங்களில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஒரு பச்சை. மணிமுத்தாறிலிருந்து வளைந்து ஏறும் பாதை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று விரியும் தோட்டங்கள், மேலே மஞ்சு. படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு பெண். தலையில் துணிக்கட்டு, முதுகில் பை. மலை எவ்வளவு பெரிது என்று காட்டும் அளவுகோலாக அவள் அங்கே நிற்கிறாள். பச்சையோ கண் கூசும்படி பளபளக்கிறது. அவ்வளவு பச்சை எந்த மலையிலும் விளையாது. படம் எடுத்து முடித்து, வீட்டுக்குப் போய், கணினித் திரையில் ஒரு ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளும்போது விளைவது அது.

ஆண் பார்வை பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் கண்ணைப் பற்றியே பேசியிருக்கிறோம். லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையை இன்று முதுகலை மாணவிகள் மேற்கோள் காட்டுகிறார்கள். எடுத்த படத்தைப் பிறகு திருத்தும் கையைப் பற்றி அந்த அளவு பேசியதில்லை. அது தொழில்நுட்பம், 'கரெக்‌ஷன்' என்று விட்டுவிடுகிறோம். பிழை இருந்தால்தானே திருத்த வேண்டும்? ஒரு முகத்தில் எது பிழை என்று யார் முடிவு செய்தது?

கேமராவின் உள்ளிருந்தே தொடங்கலாம். டிஜிட்டல் சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். நிறம் அறிவதற்காக அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாகப் பதித்திருக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் நான்கு கட்டங்களுக்கு இரண்டு பச்சை. மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கத்தை அதிகம் காண்கிறது என்பது காரணம். ஒவ்வொரு கட்டத்திலும் விடுபட்ட மற்ற இரு நிறங்களை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. ஆகவே 'எடிட் செய்யாத படம்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். ரா கோப்பாகச் சேமித்தால் அந்த ஊகங்களில் பலவற்றை நாம் செய்கிறோம். போனில் எடுத்தால் நம்மைக் கேட்காமல் போன் செய்கிறது.

மஞ்சு இறங்கிய காலையில் இது இன்னும் சிக்கலாகும். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகம் முழுக்க வெண்மை என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். குறைத்ததில் கறுத்த முகம் இருளுக்குள் போய்விடும். பின்னர் எடிட்டிங்கில் நிழல்களைத் தூக்கினால் முகம் திரும்புகிறது, கூடவே புள்ளி புள்ளியாய் நாய்ஸும் சாம்பல் பூத்த தோலும். மஞ்சை விலக்க 'டிஹேஸ்' என்று ஒன்று உண்டு. அடோபி அதை 2015இல் கொண்டுவந்தது. அதைக் கூட்டினால் மலை தெளிகிறது, முகம் மேலும் இருள்கிறது. அடுத்து முகத்தை மட்டும் தனியே தேர்ந்து வெளுக்க வைப்பார்கள். மனிதத் தோல் எந்த நிறமானாலும் பெரும்பாலும் ஆரஞ்சுக்குள்தான் வருகிறது. ஆரஞ்சின் ஒளிர்வைக் கொஞ்சம் கூட்டினால் போதும். முப்பது வருடம் வெயிலில் நின்ற முகம் வீட்டு நிழலிலேயே வளர்ந்த முகமாகிவிடும்.

இதற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: பசலை. சங்கக் கவிதையில் பெண்ணின் அழகுக்குச் சொல் மாமை. மாந்தளிரின் நிறம், செம்மையோடிய கருமை. தலைவன் பிரிந்தால் அந்த மாமை அழிந்து உடலில் வெளிறல் படர்கிறது, அதுதான் பசலை. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடலின் பெண் தன் மாமைக் கவினைப் பசலை உண்ணப் பார்க்கிறது என்று வருந்துகிறாள். அந்தக் கவிதை உலகில் வெளுப்பது நோய், இழப்பின் அடையாளம். இன்று அதே வெளுப்பு 'ஸ்கின் டோன் கரெக்‌ஷன்' என்ற பெயரில் அழகாகத் திரும்பி வந்திருக்கிறது. மாமரத்தின் பெயரைத் தாங்கிய ஊரின் பெண்களுடைய மாந்தளிர் நிறத்தை மென்பொருள் தின்கிறது. சங்க இலக்கியத்தைப் பொற்காலமாக்கும் ஆசை எனக்கு இல்லை. அங்கும் பெண்ணுடல் காத்திருக்கும் உடல்தான். ஆனால் கறுப்பைக் குறைபாடாகப் பார்ப்பது நம் மரபு என்று யாராவது சொன்னால் மறுக்க இது உதவும்.

பசலைக்கு அடுத்தது 'ஹீலிங் பிரஷ்'. ஆற்றும் தூரிகை என்று பெயர். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல் நுனிகள், அட்டை கடித்த தடம், இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளின் கிழிசல், பின்னால் தெரியும் லைன் வீட்டின் தகரக் கூரை. ஒரு சொடுக்கில் எல்லாம் ஆறிவிடும்! பக்கத்திலிருக்கும் இலையை எடுத்து அங்கே ஒட்டிவிடும். அழிபடுபவை அத்தனையும் உழைப்பின் தடயங்கள் என்பது தற்செயலா? தேயிலையே திருத்தப்பட்ட மரம்தான். காட்டை வெட்டி, மரமாக வளரக்கூடிய செடியைப் பெண்களின் கைக்கு எட்டும் உயரத்தில் கவாத்து செய்து வைத்ததைத்தான் நாம் இயற்கை என்று படம் பிடிக்கிறோம்.

இந்தக் கருவிகளின் பிறப்பையும் பார்க்க வேண்டும். பட அட்டைகளில் நிறம் சரிபார்க்க 1950களிலிருந்து கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவர் வெள்ளைத் தோல் பெண். 'ஷர்லி அட்டை' என்று பெயர். கரும்பழுப்பு ஃபிலிமில் சரியாக விழவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் புகார் சொன்னபோதுதான் மாற்றம் வந்தது. கறுத்த மனிதர்களின் முகம் அதற்குப் போதுமான காரணமாக இருக்கவில்லை. 1973இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பட ஆய்வுக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டபோது 1972 நவம்பர் பிளேபாய் இதழின் நடுப்பக்கத்துப் பெண்ணைத் தோளுக்கு மேல் வெட்டி ஸ்கேன் செய்தார்கள். 'லீனா' என்ற அந்தப் படத்தில்தான் பல பத்தாண்டுகளாகப் படச் செயலாக்க முறைகளைச் சோதித்தார்கள். ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் தன் வெளியீடுகளில் அதை ஏற்பதை 2024 ஏப்ரலில்தான் நிறுத்தியது. 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பைச் செய்துகாட்டப் பயன்பட்டதும், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் நோல் கடற்கரையில் எடுத்த தன் காதலியின் முதுகுப் படம். பெண்ணுடலின் மேல்தான் இந்தத் தூரிகைகள் பழகின.

நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்ப் பெண்களைப் படமெடுத்த வெள்ளையர்களில் ஜூலியா மார்கரெட் கேமரனும் ஒருவர். 1875இல் அங்கே குடியேறி 1879இல் அங்கேயே இறந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெண்களில் பலருக்குப் பெயர்கள் உண்டு. இலங்கையில் எடுத்த தமிழ்ப் பெண்களில் பலருக்குப் பெயர் இல்லை. பின்னால் வந்த அஞ்சலட்டைகளில் கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் சாயம் பூசினார்கள். சேலைக்குச் சிவப்பு, செடிக்குப் பச்சை. இன்று ஸ்லைடர் செய்வது அந்தச் சாயப் பூச்சின் தொடர்ச்சிதான்.

அழகியல் குறையாக மட்டும் இதைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம் இது. குத்தகை முடிவது 2028இல். நிறுவனம் 2024 ஜூனிலேயே தோட்ட வேலையை நிறுத்தி, தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்டது. சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து, வேலை செய்து, இறந்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு இனி என்ன சான்று? ஆளில்லாத பச்சைப் படங்கள் எத்தனை பெருகுகின்றனவோ, அத்தனைக்கு 'அது எப்போதும் காடுதானே' என்ற பேச்சு எளிதாகிறது. தகரக் கூரையை அழகுக்காக அழித்தவருக்கு அப்படி எண்ணம் இருந்திருக்காது. எண்ணம் இல்லாமலேயே வேலை நடந்துவிடுகிறது.

படத்துக்குச் சாட்சியின் எடை உண்டு என்பதைத் தாமிரபரணிக்கரை அறியும். 1999 ஜூலை 23 அன்று, சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கோரித் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்களைக் காவல்துறை அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். இரண்டு பெண்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளைத் தாங்கி நிற்கிறது. அந்த நாளின் ஒரு சட்டகத்தில் யாரையாவது 'கவனத்தைச் சிதறடிக்கிறார்' என்று நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல. உலகப் புகழ் பெற்ற ஸ்டீவ் மெக்கரி தெற்காசியாவில் எடுத்த சில படங்களில் மனிதர்களே நீக்கப்பட்டிருந்தது 2016இல் வெளிவந்தது. தன்னை அவர் 'காட்சிக் கதைசொல்லி' என்று அழைத்துக்கொண்டார்.

ஒரு எதிர்க்கேள்வி வரும். அந்தப் பெண்களே ஸ்டுடியோவில் 'கொஞ்சம் வெளுப்பா போட்டுக் குடுங்க தம்பி' என்று கேட்பார்களே? கேட்பார்கள். இறந்துபோன அம்மாவுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். இருப்பது அடையாள அட்டையிலோ கல்யாணக் கும்பலிலோ ஒரு சிறு முகம். அதை வெட்டி எடுத்து, பட்டுச்சேலை உடுத்தி, கழுத்தில் ஒரு சங்கிலி வைத்து, நீல வானத்தின் முன் உட்கார வைத்துக் கொடுப்பார் ஸ்டுடியோக்காரர். உயிரோடு இருந்தபோது கிடைக்காத சங்கிலி அது. அந்தத் திருத்தத்தை என்னால் குறைசொல்ல முடியவில்லை. படத்தில் இருப்பவளின் ஆசைக்காகச் செய்வதும் பார்ப்பவனின் வசதிக்காகச் செய்வதும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த ஆசைக்குள் வெளுப்பு எப்படி வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. போன்களின் பியூட்டி மோடு எந்தப் பெயரும் சொல்லாமல் அதே வேலையைச் செய்கிறது.

எடிட்டிங்கைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எம். பழனிக்குமாரின் படங்களைப் பாருங்கள். கடற்பாசி சேகரிக்கும் பெண்களின் முகங்கள் கறுப்பாகவே, முழு விவரத்தோடு இருக்கின்றன. கறுப்புக்குள் எத்தனை கறுப்பு உண்டு என்று காட்டவும் அதே ஸ்லைடர்கள் பயன்படும். மலைக்கு ஒளி அளக்காமல் முகத்துக்கு அளந்து எடுத்தால் பின்னால் தூக்க வேண்டியதும் குறையும். மஞ்சு வெளுத்துப் போனால் போகட்டும். ஒயிட் பேலன்ஸைப் பச்சை இலையை வைத்து முடிவு செய்யாமல் அவளுடைய தோலை நேரில் பார்த்த நினைவை வைத்து முடிவு செய்யலாம். திருத்தியதை அவளிடம் காட்டி, 'இது நீங்கதானாக்கா?' என்று கேட்கலாம்.

மாஞ்சோலையிலிருந்து இறங்கிய குடும்பங்களின் போன்களில் இன்னும் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும்: பள்ளி ஆண்டுவிழா, கோயில் கொடை, மழையில் லைன் வாசல். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அவை சுருங்கும், எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். நிறத்தைத் தொடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கோப்புக்குள்ளேயே விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது, பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. 'தேயிலை பறிக்கும் பெண்' என்று அதில் எழுதாதீர்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயர், எந்தத் தோட்டம், எந்த லைன், எந்த வருடம்.