குண்டூசியும் வெப்பமானியும் ஒரு பாத்திமாவும்

சில வருடங்களுக்கு முன்னர், ஒரு நோன்பு மாதத்தில் எங்களூர் வாசகர் வட்டத்தில் பேசக் கிடைத்தது. அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்ஸன் ஒரு முஸ்லிம் தூதுவருக்காகத் தமது விருந்து நேரத்தையே மாற்றிவைத்த செய்தியை அன்று பெருமையோடு சொன்னேன். சபை மகிழ்ந்தது. அது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. மற்றப் பாதியைச் சொல்ல வேண்டிய கடன் எனக்குண்டு. அதைத் தீர்க்கவே இதனை எழுதுகிறேன்.

அமெரிக்காவை உருவாக்கிய முதற் தலைமுறைத் தலைவர்கள் எழுதிக் குவித்தவர்கள். கடிதம், நாட்குறிப்பு, செலவுக் கணக்கு, தோட்டக் கணக்கு என்று எதையும் அவர்கள் தாளில் இறக்காமல் விட்டதில்லை. இவற்றின் பெரும்பகுதியை அமெரிக்கத் தேசிய சுவடிக்கூடம் 2013இல் இணையத்தில் திறந்துவைத்தது. கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான என் கைக்கும் அவை எட்டியது அவ்வழியில்தான். வாசிக்க வாசிக்க எனக்கு உறைத்த விடயம் ஒன்றுண்டு. இவர்கள் வரலாற்றை மனதில் வைத்து எழுதிய வரிகளைவிட, அதை மறந்து எழுதிய வரிகளே அதிகம் பேசுகின்றன.

1776 ஜூலை 4ஆம் திகதியை எடுத்துக்கொள்வோம். சுதந்திரப் பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள் அது. அதனை வரைந்த ஜெபர்ஸன் அன்று தமது செலவுப் புத்தகத்தில் குறித்தவை: வெப்பமானி வாங்கிய காசு, பெண்களுக்கான ஏழு சோடிக் கையுறைகளின் விலை, தருமமாகக் கொடுத்த சில்லறை. காலை ஆறு மணிக்கு 68 பாகை பரனைற், பகல் ஒரு மணிக்கு 76 பாகை என்று வெப்பநிலையையும் பதிந்திருக்கிறார்.

ஜோர்ஜ் வொஷிங்டனின் நாட்குறிப்பு இன்னும் வரண்டது. 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அங்கு நடப்பவை இரகசியமாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கட்டுப்பட்டு, எங்கே உண்டார், எங்கே தேநீர் குடித்தார் என்பவற்றையே எழுதினார். மரணத்துக்கு முதல்நாள், 1799 டிசெம்பர் 13இலும் அவர் எழுதியது பனியையும் காற்றையும் பற்றித்தான். மனைவி மார்த்தாவோ இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை எரித்துவிட்டார். ஒரு சில மட்டுமே தப்பின. அந்த மனிதரின் உள்ளம் அந்தச் சாம்பலோடு போயிற்று.

இலக்கியம் என்று சொல்லத்தக்கவை ஜோன் அடம்ஸும் அவர் மனைவி அபிகேலும் எழுதிக்கொண்ட கடிதங்கள்தாம். 1,100க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. கணவர் பிலடெல்பியாவில் நாட்டை உருவாக்கிக்கொண்டிருக்க, மனைவி மசசூசெட்ஸில் பிள்ளைகளையும் விவசாயத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1775 ஜூனில் அபிகேல் கேட்டெழுதிய பொருள் குண்டூசி. யுத்தத்தால் அதன் விலை எகிறியிருந்தது. 1777 ஜூலையில் பிரசவ வலி தொடங்கியபோதும் பேனையை எடுத்தார். குழந்தை உயிரின்றிப் பிறந்தது. யுத்த காலத்தில் குடும்பம் நடத்திய பெண்ணின் குரல் இது. நம் நாட்டு வாசகருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1776 மார்ச் 31ஆம் திகதியிட்ட அவரது கடிதம் புகழ்பெற்றது. புதிய சட்டம் இயற்றும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம், கணவன்மார் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம் என்று அதில் கேட்கிறார். அடம்ஸ் பதிலில் சிரித்து ஒதுக்கினார். பலரும் இத்துடன் நிறுத்திக்கொள்வர். அதே கடிதத்தில் இன்னொரு முள்ளும் உண்டு: சக மனிதரின் சுதந்திரத்தைப் பறித்துப் பழகிய வேர்ஜீனியாக்காரரின் சுதந்திர தாகம் அத்தனை பலமாக இருக்குமா என்று அவர் ஐயுறுகிறார். ஜெபர்ஸனும் வொஷிங்டனும் வேர்ஜீனியாக்காரர்கள்.

அந்த ஐயத்துக்கான விடை அவர்களது சொந்தக் கணக்குகளிலேயே கிடக்கிறது. ஜெபர்ஸன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக வைத்திருந்தவர். அவரது பண்ணைப் புத்தகத்தில் அவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, கொடுத்த துணி, போர்வை எல்லாம் நிரல் நிரலாக வருகின்றன. கையெழுத்து அழகானது, எங்கும் தடுமாற்றம் இல்லை. மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய அதே கை அது. எதிரிகள் யாரும் சேகரித்த சான்றல்ல. அவரே எழுதிவைத்த சாட்சியம்.

வொஷிங்டனின் தாள்களில் 1774ஆம் ஆண்டின் வரிப் பட்டியல் ஒன்றுண்டு. அவரது மவுண்ட் வேர்னன் தோட்டத்தில் வரிக்குரியோரின் பெயர்கள் அதில் உள்ளன. அடிமைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரும்போது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். 'பாத்திமர்', 'சின்னப் பாத்திமர்'. காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து. தாயும் மகளுமாக இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் என் வகுப்பு இடாப்பில் நான் கூப்பிடும் பெயர் அது. அங்கே அது வரிக் கணக்கின் ஒரு வரி. அவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தது யார், காதில் பாங்கு சொல்லியது யார் என்பதை அறிய அந்தத் தாளில் இடமில்லை.

இனி விருந்துக்கு வருவோம். 1805 டிசெம்பர் 9ஆம் திகதி, தூனிஸிலிருந்து வந்த தூதுவர் சுலைமான் மெல்லிமெல்லிக்காக, பிற்பகல் மூன்றரை மணி விருந்தை ஜெபர்ஸன் சூரியன் மறையும் நேரத்துக்கு மாற்றினார். அப்போது செனட்டராக இருந்த ஜோன் குவின்ஸி அடம்ஸ், அபிகேலின் மகன், அதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். தூதுவர் அரை மணி பிந்தி வந்ததும், வந்தவுடன் புகைக்க விரும்பியதும், இங்கேயே புகைக்கலாம் என்று ஜெபர்ஸன் சொன்னதும் அதில் உள்ளன. இதை இன்று சிலர் வெள்ளை மாளிகையின் முதல் இப்தார் என்று கொண்டாடுகின்றனர். நானும் கொண்டாடியவன்தான். ஜெபர்ஸன் 1765இலேயே குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை விலைக்கு வாங்கியவர் என்பதும் உண்மை. ஆனால் அக்காலத்தில் அதே மாளிகைச் சமையலறையில், மொன்டிசெல்லோத் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண்கள் வேலை பழகினர். தூதுவராக வந்த முஸ்லிமுக்காக நேரம் மாறியது. தோட்டத்தில் கிடந்த பாத்திமாவின் நோன்பை யார் விசாரித்தார்?

இதற்காக ஜெபர்ஸனின் விருந்தோம்பலைப் போலி என்று நான் தள்ளப்போவதில்லை. இரண்டும் ஒரே மனிதர். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது விமர்சனமாகாது. நல்ல வாசகன் இரண்டு பக்கத்தையும் அருகருகே விரித்துவைக்கிறான்.

அப்படி விரிக்கையில் மூன்றாவதாக ஒரு பக்கத்தையும் வைக்க வேண்டும். மேற்கு ஆபிரிக்காவின் பூட்டா டோரோவில் மார்க்கம் கற்ற உமர் இப்னு ஸஈத், 1807இல் அமெரிக்காவுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டார். 1831இல், வட கரோலினாவில், தம் வாழ்க்கையை அறபியில் எழுதினார். தம் பேச்சையும் அறபையும் பெருமளவு மறந்துவிட்டதாக வருந்துகிறார். ஆனாலும் ஸூரத்துல் முல்க்கைக் கொண்டே தொடங்குகிறார். ஆட்சி யாருடையது என்று அறிவிக்கும் அத்தியாயம் அது. அவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்று சுற்றியிருந்தோர் எழுதினர். அந்தப் பக்கங்களோ வேறு வாசிப்புக்கும் இடம் தருகின்றன. விடுதலை கிடைக்காமலே அவர் மௌத்தானார்.

தலைவர்களின் தாள்கள் ஆயிரமாயிரம். உமருடையவை சில பக்கங்களே. பாத்திமாவுக்கு ஒரு வரி. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து வாசித்தால்தான் அந்த நாட்டின் நாட்குறிப்பு முழுமையாகும். அன்று நான் சபையில் சொல்லாமல் விட்டது இதைத்தான்.