'சும்மா' இருப்பவர்களின் வரைபடம்

"உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று பதில் வரும். இந்தச் 'சும்மா' மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு நெடுவரிசையாகிறது. பிறகு கணினி வரைபடத்தில் ஒரு வெளிறிய நிறமாகிறது. பெண்ணிய ஆய்வேடுகளிலும் இப்போது இத்தகைய வரைபடங்கள் இடம்பெறுவதால், அந்த நிறத்தையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

வரைபடம் உருவாகும் முறை எளிது. கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் மாவட்ட எல்லைகள் கொண்ட ஷேப்ஃபைலைத் திறக்கிறோம். 2011 கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணையை மாவட்டக் குறியீட்டு எண் வழியாக அதனோடு இணைக்கிறோம். உழைக்கும் பெண்களின் எண்ணிக்கையை மொத்தப் பெண்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விழுக்காடு கிடைக்கும். மென்பொருள் அதற்கு நிறம் பூசிவிடும். தமிழ்நாட்டில் அந்த விழுக்காடு 31.8, இந்திய அளவில் 25.5. மீதமுள்ள பெண்கள் அனைவரும் 'நான் ஒர்க்கர்', அதாவது உழைக்காதவர் என்ற நெடுவரிசையில் இருக்கிறார்கள்.

அந்த நெடுவரிசைக்குள் யார் யார் என்று பாருங்கள். தொட்டில் குழந்தை, பள்ளி மாணவி, ஓய்வூதியம் பெறும் ஆசிரியை, வாடகை வருமானத்தில் வாழ்பவர், பிச்சை எடுப்பவர். இவர்களோடு, விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்துச் சமைத்து, துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவு கடைசியாகப் படுப்பவளும் இருக்கிறாள். வீட்டுவேலை செய்வோரைத் தனியே காட்டும் அட்டவணை உண்டு. ஆனால் வரைபடம் வரைவோர் வழக்கமாக எடுப்பது முதன்மைச் சுருக்கத்தை. அதில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே எண், வரைபடத்தில் ஒரே நிறம்.

உழைப்புக்கான வரையறை இன்னும் நுட்பமானது. மாட்டில் பால் கறப்பது வேலை. வீட்டுத் தேவைக்கு மட்டுமே கறந்தாலும் வேலைதான். அந்தப் பாலைக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுப்பது வேலையல்ல. மாட்டுக்கொட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவே அரசு ஒரு கோடு போட்டிருக்கிறது. மாவட்ட எல்லைகளைத் துல்லியமாகக் காட்டும் வரைபடம் இந்த எல்லையை மட்டும் காட்டுவதில்லை.

இந்தக் கோடு இயற்கையானதல்ல. இங்கிலாந்தின் 1881 கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்யும் மனைவியரைத் 'தொழிலற்றோர்' வகுப்புக்கு மாற்றியது. உழைப்பில்லாத இல்லத்தரசி என்ற கருத்து உருவான வரலாற்றைப் பொருளியலாளர் நான்சி ஃபோல்பர் 1991-இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டினார். ஒரு காலத்தில் எழுதப்பட்ட வகைப்பாட்டை இன்னொரு காலத்தில் திருத்தி எழுதவும் முடியும். இந்திய அரசே 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். ஓர் அரசு ஆவணத்தில் ஐந்து மணி நேரமாக இருக்கும் உழைப்பு இன்னொன்றில் 'உழைக்காதவர்' என்று இருக்கிறது.

உழைப்பவர் என்று எண்ணப்பட்ட பெண்களின் கதையும் முழுமையல்ல. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் முதன்மை உழைப்பாளர். அதற்குக் குறைந்தால் குறுநிலை உழைப்பாளர். 2011-இல் இந்தியாவில் உழைக்கும் பெண்கள் பத்துப் பேரில் நால்வர் இந்த இரண்டாம் வகை. ஆண்களில் இருவருக்கும் குறைவு. இரண்டையும் கூட்டி ஒரே நிறம் பூசும்போது, நடவுக்கும் களையெடுப்புக்கும் மட்டும் கூப்பிடப்பட்டு மற்ற மாதங்களில் வேலையின்றி நிற்கும் பெண், நிரந்தர வேலைக்காரியைப் போலத் தெரிகிறாள்.

அம்பை தம் கதையொன்றுக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று தலைப்பிட்டார். சமையலறை எங்கே இருக்கிறது, அங்கே யாருக்கு என்ன அதிகாரம் என்பதை நிலவியலாகவே வாசிக்கக் கற்றுக்கொடுத்த கதை அது. அரசின் கோப்பில் அந்த மூலைக்கு இடமில்லை. அதன் மிகச் சிறிய கோட்டுக்குள்ளும் வீடு ஒரு புள்ளிகூட இல்லை.

ஆகவே வரைபடத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறுவிதமாக வரையலாம். ஆறு வயதுக்குட்பட்ட சிறுமியரைத் தனி நெடுவரிசை காட்டுகிறது. அவர்களை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு வகுக்கலாம். முதன்மை, குறுநிலை இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் வரைந்து அருகருகே வைக்கலாம். நிறப் பிரிவுகளைச் சம இடைவெளியில் பிரித்தால் ஒரு படமும், சம எண்ணிக்கையில் பிரித்தால் வேறொரு படமும் கிடைக்கும். எதைத் தேர்ந்தோம், ஏன் என்று எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'உழைப்பு' என்று அரசு எதைச் சொல்கிறது என்பதை வரைபடத்தின் அடியிலேயே அச்சிட வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுவதும், பூக்கட்டி விற்பதும், கூலிக்குத் தைப்பதும் இன்றைய வரையறைப்படியே வேலைதான். ஆனால் கதவைத் திறந்து பதில் சொல்பவர் 'சும்மாதான் இருக்கா' என்றால் அந்த வேலையும் போய்விடும். கணக்கெடுப்பாளர் வரும்போது வாசலுக்கு நீங்களே வாருங்கள். உங்கள் வேலையை நீங்களே சொல்லுங்கள். அம்மாவின் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.