தாடை வைத்த டாட்சன்

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பாய்லர் மாட்டுவதை வெறும் பந்தா என்று சொல்பவர்கள் ஒருமுறை என்னோடு வரவேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் 405 ஃப்ரீவேயில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், என் டாட்சன் 240 இசட்டில், ஸ்பாய்லரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, மாட்டிக்கொண்டு ஒரு தடவை. மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொட்டதும் முதல் தடவை ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போகும். காரின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக எழும். பக்கத்தில் லாரி ஒன்று கடந்தால் நம்மைக் கேட்காமலே கார் அரையடி நகரும். இரண்டாவது தடவை? அதே ரோடு, அதே வேகம், அதே லாரி. கார் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு துண்டு ஃபைபர் கிளாஸ் இவ்வளவு வேலை செய்யும் என்று அதற்குமுன் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

240 இசட்டில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யோஷிஹிகோ மட்ஸுவோவின் குழு வரைந்த அந்த நீண்ட பானட், சரிந்து இறங்கும் பின்பக்கம், 1969 கடைசியில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வந்தபோது எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படியே கண்ணைப் பறிக்கிறது. அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்றார்கள். 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், டன் கணக்கில் பார்த்தால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே எடை. அந்த விலைக்கு அப்படி ஒரு கார் வேறு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் காற்று விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல். முன்னால் வாயைத் திறந்துகொண்டிருக்கும் கிரில் வழியாகவும் பம்பருக்குக் கீழே இருக்கும் இடைவெளி வழியாகவும் புகுந்த காற்று இன்ஜின் அறைக்குள் மாட்டிக்கொண்டு வெளியே போக வழி தெரியாமல் பானட்டை மேலே தள்ளும். அடியில் ஓடும் காற்றும் சேர்ந்து தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தூக்கல் நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்வரை தெரியாது. ஃப்ரீவேயில் தெரியும். ரேஸ் டிராக்கில் நன்றாகவே தெரியும்.

அங்கேதான் பீட் ப்ராக் வருகிறார். என் வீட்டிலிருந்து எல் செகுண்டோ கொஞ்ச தூரம்தான். விமான நிலையத்துக்குத் தெற்கே, விமான, விண்வெளித் தொழில் நிறுவனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கிற ஊர். 1960களின் நடுவில் ப்ராக் ஆரம்பித்த பி.ஆர்.இ. ரேஸிங் பட்டறை அந்த ஊரில்தான் இருந்தது. ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. ரேஸ் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பிக்காக டேடோனா கோப்ரா கூபேயை வடிவமைத்தவர். 1964-ல் அந்தக் கார் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்குக்குப் போனபோது பின்பக்கம் நிலையில்லாமல் மிதந்தது. அங்கேயே ஒரு ஸ்பாய்லரைச் செய்து மாட்டியதும் அடங்கியது. அடுத்த ஆண்டு ஃபெராரியை ஓரங்கட்டி உலக ஜி.டி. பட்டம். அப்படிப்பட்ட மனிதரின் கையில் மூக்கு தூக்கும் 240 இசட் கிடைத்தால் என்ன செய்வார்? பம்பருக்குக் கீழே ஒரு தாடை வைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்பூக்’.

ஸ்பூக் செய்கிற வேலை எளிமையானது. காருக்கு அடியில் நுழையப் பார்க்கும் காற்றை முன்னாலேயே தடுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. ரேடியேட்டருக்குப் போகவேண்டியதை மட்டும் ஒழுங்காக உள்ளே விடுகிறது. சிவப்பு, வெள்ளை, நீலம் பூசி, 46 என்ற எண்ணோடு, ஜான் மார்ட்டன் ஓட்டிய பி.ஆர்.இ. 240 இசட்டின் படங்களைப் பாருங்கள். 1970, 1971 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டு, அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் அமைப்பான எஸ்.சி.சி.ஏ.வின் சி-புரொடக்‌ஷன் தேசியப் பட்டம் அந்தக் காருக்கு. அதுவரை போர்ஷேக்காரர்களும் டிரையம்ஃப்காரர்களும் டாட்சனைச் சீண்டிக்கூடப் பார்க்காத பிரிவு அது. எனக்கு மயிர் கூச்செறிகிற விஷயம் இதற்கு அப்புறம்தான். பட்டம் வென்ற காரில் இருந்த அதே வடிவத்தை, தபாலில் பணம் அனுப்பினால், பல் டாக்டரோ பள்ளிக்கூட ஆசிரியரோ தன் வீட்டுக் காருக்கு வாங்கி மாட்டிக்கொள்ள முடிந்தது!

நான் வாங்கியது அந்தக் காலத்துத் துண்டு. பழைய உதிரி பாகச் சந்தை ஒன்றில், துருப்பிடித்த கார்புரேட்டர்களுக்கு நடுவில் ஒரு பெரியவர் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். முன்பக்கம் பார்த்தால் கறுப்புப் பெயின்ட், அதற்குக் கீழே உரிந்த இடத்தில் வெள்ளை, அதற்கும் கீழே ஒரு ஆரஞ்சு. மூன்று முதலாளிகளிடமாவது கைமாறியிருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட பொருளை வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்கவே கூடாது. திருப்பிப் பார்க்கவேண்டும். பின்பக்கத்தில்தான் எல்லாம் எழுதியிருக்கும். கண்ணாடி இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ரெஸினில் ஊறிப் படிந்திருந்தன. பிரஷ் இழுத்த தடம் அப்படியே உறைந்திருந்தது. ஓர் ஓரத்தில் கனம் தூக்கலாகவும் இன்னொரு ஓரத்தில் காகிதம் மாதிரியும் இருந்தது. வளைவு திரும்புகிற மூலையில் மட்டும் யாரோ கூடுதலாக ஒரு அடுக்கு வைத்து விரலால் அழுத்திவிட்டிருக்கிறார். விரல் தடம் இருக்கிறது! ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ பட்டறையில் நின்ற ஒருவருக்கு அந்த மூலைதான் முதலில் உடையும் என்று தெரிந்திருக்கிறது. பேரம் பேசவே மனம் வரவில்லை. பேசினேன், அது வேறு விஷயம்.

மாட்டும் வேலைக்கு மதுரைக்கார நண்பன் ஒருவன் துணைக்கு வந்தான். பார்த்த உடனே கேட்டான்: “ஏன் மாப்ள, இதுக்குப் போயா இவ்ளோ காசு குடுத்த? நம்ம ஊர் டிங்கரிங் கடையில தகரத்துல அடிச்சுத் தந்திருவாய்ங்களே!” பதில் சொல்லவில்லை. உப்புத்தாளை அவன் கையில் கொடுத்தேன்.

இந்தப் பழைய துண்டுகள் எதுவும் நேராகப் பொருந்தாது, பொருந்தினால்தான் சந்தேகப்படவேண்டும். கையால் வார்த்தவை, கார்களும் கையால் நிமிர்த்தப்பட்டவை. முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி வெறுமனே தூக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும். எங்கே இடிக்கிறதோ அங்கே தேய்க்கவேண்டும், எங்கே இடைவெளி விடுகிறதோ அங்கே பட்டி பார்க்கவேண்டும். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் இல்லாமல் ஃபைபரைத் தேய்த்தால் இரண்டு நாளைக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பழைய போல்ட் ஓட்டைகள் ஒன்றுகூட ஒத்துவராது, அதனால் அவற்றை அடைத்துவிட்டுப் புதிதாகத் துளை போட்டோம். போல்ட்டுக்கு அடியில் பெரிய வாஷர், அதற்கும் அடியில் ரப்பர். ஃபைபரை இரும்புபோல நினைத்து இறுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் ஓடும். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று. போதும். சாயங்காலம் பிரைமர் அடித்துவிட்டுத் தூரப் போய் நின்று பார்த்தோம். மதுரைக்காரன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “மாப்ள, இது இல்லாம இந்த வண்டி இத்தன நாளும் மூளியா இருந்திருக்குடா” என்றான். அதேதான்! அந்த நீண்ட மூக்கு எங்கோ பாதியில் நின்றுபோனதுபோல் எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல் இருந்தது. இப்போது அது தரையை நோக்கி முடிகிறது.

அழகு கிடக்கட்டும். ஏஞ்சலஸ் க்ரெஸ்ட் மலைப்பாதையில் ஏறும்போது முன்பெல்லாம் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். இப்போது முள் ஒழுக்கமாக நடுவுக்குக் கீழே நிற்கிறது. அடியில் வீணாகப் போன காற்று ரேடியேட்டர் வழியாகப் போகிறது, அவ்வளவுதான் காரணம்.

பின்னால் வாத்து வால் ஸ்பாய்லரும் வைத்தேன். இந்தக் கார்களில் புகை நாற்றம் ஊரறிந்த கதை. பின்பக்கம் உண்டாகும் குறைந்த அழுத்தத்தில் சைலன்சர் புகை சுழன்று, ஹேட்ச் கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். வாத்து வால் காற்றைச் சற்று மேலே தூக்கி அனுப்புவதால் சுழல் இடம் மாறுகிறது. நாற்றத்துக்கு உண்மையான மருந்து நல்ல ரப்பர் பீடிங்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ரப்பர் மாற்றினால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? வாத்து வால் என்றாலே 1972-ல் வந்த போர்ஷே கரேரா ஆர்.எஸ்.தான் என்று சொல்பவர்களிடம், அதற்கு முன்பே டாட்சன் ரேஸ் கார் அதை வைத்துக்கொண்டு கப் வாங்கிவிட்டது என்று சொல்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

ஜப்பானில் இதே காருக்கு இன்னொரு முகம். 1971-ல் டாட்சனின் தாய் நிறுவனமான நிஸ்ஸான், ரேஸ் அனுமதிக்காகவே 240 இசட்-ஜி என்ற ஒன்றை விற்றது. மூக்கையே நீட்டி, கிரில்லை மூடிய ஃபைபர் முகப்பு, ஜி-நோஸ் என்பார்கள். சக்கரங்களுக்கு மேலே ஓவர்ஃபெண்டர், மறைக்காமல் வெளியே தெரியும் ஸ்க்ரூக்களோடு. கம்பெனியே இப்படிச் செய்து விற்றதென்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்! லாங் பீச்சில் 2005-லிருந்து நடக்கும் ஜப்பானிய கிளாசிக் கார் காட்சியில் மெரூன் நிறத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். பானட்டின் இருபுறமும் முன்பாதியில் இரண்டு ஃபெண்டர் மிரர், எட்டுக் கம்பி வாட்டனபே சக்கரம். ஜப்பானில் 1983 வரை கதவில் கண்ணாடி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதனால் அவை அங்கே போய் நின்றன. ஆனால் பாருங்கள், அந்த நீண்ட மூக்கின் நீளத்தை அளந்து காட்டவே வைத்ததுபோல இருக்கிறது. பக்கத்தில் நிஸ்ஸானின் ஒரு பழைய ஹகோஸுகா ஸ்கைலைன். பக்கவாட்டில் ஓடும் அழகான கோட்டைப் பின்சக்கரத்துக்காக வெட்டி, அந்தக் காயத்தின்மேல் ஓவர்ஃபெண்டரை மாட்டியிருந்தார்கள். எந்த ஓவியனுக்கும் அந்தக் கோட்டை வெட்ட மனம் வராது. டயருக்கு இடம் தேடும் மெக்கானிக்குக்குத்தான் வரும். அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாத் துண்டையும் கொண்டாட மாட்டேன். டிக்கிக்கு மேல் துணி காயப்போடும் உயரத்தில் நிற்கும் அலுமினிய விங், இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டும் பொய்க் காற்றுக் குழாய், இதெல்லாம் எனக்கு ஆகாது. மறுவார்ப்புகளை மட்டும் மட்டமாகப் பேசாதீர்கள். ப்ராக்கின் பட்டறை பெயரிலேயே இன்று புதிய ஸ்பூக் கிடைக்கிறது. பழையதைவிடச் சீராகப் பொருந்துகிறது. தினமும் ஓட்டுகிறவர்கள் அதையே வாங்கலாம். விரல் தடம் வேண்டும் என்கிற என்னைப் போன்ற பைத்தியங்கள் சந்தைக்குப் போகட்டும்.

அடுத்து, பி.ஆர்.இ. கார்களில் இருந்த அமெரிக்கன் ரேஸிங் லிப்ரே சக்கரங்கள் ஒரு ஜோடி அகப்பட்டிருக்கின்றன. நான்கு வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. கார் கூடத்தில் பழைய டயர்களுக்கு மேலே அவற்றை வைத்திருக்கிறேன். மீதி இரண்டும் கிடைக்கும்வரை இந்த இரண்டையும் ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் மாட்டி ஓட்டலாமே என்று மதுரைக்காரனிடம் கேட்டேன். “அந்தப் பக்கம் மட்டும் நின்னு போட்டோ எடுத்துக்கிறலாம் மாப்ள” என்றான். இந்த வாரக் கடைசியில் ஜாக்கி எடுத்துக்கொண்டு வருகிறான்.