ஒரு பாராவுக்குள் அடங்காதவர்கள்

கடலூரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர்; திருப்பாதிரிப்புலியூரில் வீடு. நல்ல வாசகர், ஆனால் பிடிவாதக்காரர். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் முதல் நாவலை, என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழில் தந்திருப்பதை, அவரிடம் கொடுத்திருந்தேன். போன மாதம் சிதம்பரம் போகிற வழியில் இறங்கி, "எப்படி?" என்று கேட்டேன்.

"கதை நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்கக் கதை மாதிரி இல்லையே, சார்."

"ஆப்பிரிக்கக் கதை எப்படி இருக்க வேண்டும்?"

கொஞ்சம் யோசித்தார். "படித்தால் பரிதாபம் வர வேண்டாமா? இந்த ஒகோன்க்வோ நம் ஊரில் பாடுபட்டு முன்னுக்கு வந்த குடியானவன் மாதிரி அல்லவா இருக்கிறான்! முன்கோபம், வறட்டு கௌரவம், அப்பன் சோம்பேறியாக இருந்தானே என்கிற வெட்கம். எனக்கு அவன்மேல் பாதி இடங்களில் கோபம்தான் வந்தது."

அவர் குறையாகச் சொன்னது எனக்கு அந்த நாவலின் வெற்றியாகப் பட்டது. 1958-ல் அது வெளிவருவதற்கு முன்பு ஆங்கிலத்தில் ஆப்பிரிக்கனைப் பற்றிக் கதைகள் இல்லாமலில்லை. வெள்ளைக்காரர்கள் எழுதினார்கள், சிலர் அன்போடுகூட எழுதினார்கள். ஜாய்ஸ் கேரி எழுதிய நாவலைப் படித்த எரிச்சலும் அச்செபேயைப் பேனா எடுக்க வைத்த காரணங்களில் ஒன்று. அவர் பரிதாபம் கேட்கவில்லை. வள்ளிக்கிழங்கு நடுகிற பருவம், பெண் பேசுகிற முறை, பழமொழி இல்லாமல் பேச்சைத் தொடங்காத பெரியவர்கள் என்று ஒரு முழு ஊரைக் கட்டினார். அந்த ஊரின் கொடுமைகளையும் மறைக்கவில்லை. கடைசியில் ஒகோன்க்வோ தூக்கில் தொங்குகிறான். (முடிவைச் சொல்லிவிட்டேன், வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.) அங்கே வந்து நிற்கிற ஜில்லா அதிகாரி, தான் எழுதப்போகும் புஸ்தகத்தில் இந்த ஆளுக்கு எவ்வளவு இடம் தரலாம் என்று கணக்குப் போடுகிறார். ஓர் அத்தியாயம் வேண்டாம், ஒரு பாரா போதும் என்று தீர்மானிக்கிறார். இருநூறு பக்கமாக நாம் கூடவே வாழ்ந்த மனிதனுக்கு ஒரு பாரா!

பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்தப் பாரா என்னை விடவில்லை. காரணம், கடலோரத்திலிருந்து கப்பலேறிப் போன நம் ஜனங்களுக்கு நாம் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்ற கேள்விதான். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலிருந்தே 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அடிமைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆப்பிரிக்க அடிமைகளுக்கு 1834-க்குப் பின் விடுதலை கிடைத்தபோது, மொரீஷியஸிலும் டெமராராவிலும் அவர்கள் கீழே போட்ட மண்வெட்டியை எடுக்க ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் போனார்கள். 1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனில் முதல் கூட்டத்தை இறக்கியது.

இவர்களைப் பற்றி நம்மிடம் என்ன எழுத்து இருக்கிறது? பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துப் பாரதி உருகிப் பாடினார். (புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் 1918-ல் கைதாகி அவர் அடைக்கப்பட்டதும் இதே கடலூரில்தான்.) கவிதைக்கு உருகுவதற்கு உரிமை உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை வைத்துத் 'துன்பக்கேணி' எழுதினார். அதில் வருகிற மருதி வெறும் கண்ணீர்ப் பொம்மை இல்லை. அவளுக்கு வீம்பு உண்டு. ஆனாலும் தலைப்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது பாருங்கள். கேணிக்குள் விழுந்தவர்கள் அங்கே என்ன பாடினார்கள், யாரைக் கிண்டல் செய்தார்கள் என்பதற்கு அதில் இடம் குறைவு.

பெரியவர்களைச் சொல்வானேன்? என் யோக்கியதையைச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய நாவல் ஒன்றில், நேட்டாலிலிருந்து திரும்பி வந்த ஒரு கிழவனை வைத்தேன். அவன் இருமினான், அழுதான், செத்தான். பத்திரிகையில் வந்தபோது பாராட்டி நிறையக் கடிதங்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனபோது, எழுபது வயது அம்மாள் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள்.

"தம்பி, எங்க தாத்தாவும் நேட்டால் போய் வந்தவருதான். அங்கே பத்து வருஷம் அர்ச்சுனன் வேஷம் கட்டினாரு. உன் கிழவன் ஒரு தடவைகூட வாயைத் திறந்து பாடலியே, ஏன்?"

எனக்குப் பதில் இல்லை. பிற்பாடுதான் தேடிப் படித்தேன். தென்னார்க்காட்டின் திரௌபதியம்மனும் தீமிதியும் தெருக்கூத்தும் கூலிகளோடு கூடவே கடல் கடந்திருக்கின்றன. நேட்டாலில் தெருக்கூத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆறடி ஆட்டம்' என்ற பொருள்பட ஒரு விசித்திரமான பெயரே உண்டு. பகலெல்லாம் கரும்பு வெட்டியவன் ராத்திரி கிரீடம் வைத்துக்கொண்டு பாண்டவனாக நின்றான். என் நாவலில் இது இல்லை. அந்த ஜில்லா அதிகாரியைப் போலத்தான் நானும் ஒரு பாரா ஒதுக்கியிருந்தேன்; கண்ணீரில் நனைத்து ஒதுக்கியதுதான் வித்தியாசம்.

வெள்ளாறு தாண்டிச் சிதம்பரம் கோபுரம் தெரிந்ததும் நந்தன் ஞாபகம் வந்தது. சேக்கிழாரில் அந்த வேதியர் பண்ணையார் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதிதான், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிற எஜமானரைக் கொண்டுவந்தார். கப்பல்களில் கூலிகள் போய்க்கொண்டிருந்த அதே காலம்! அவருடைய நந்தன் வாய்விட்டுப் பாடுகிறான், சொந்தக்காரர்களோடு வாதாடுகிறான், ஆண்டையை நச்சரிக்கிறான். அவனுக்கு ஓர் ஆசை இருக்கிறது; அதனால்தான் அவன் ஆளாக நிற்கிறான். கடைசியில் வேலையைத் தெய்வம் முடித்துக் கொடுத்துவிடுகிறது, நெருப்பும் வருகிறது. அது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அதுவரை அவன் யாருடைய இரக்கத்துக்கும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அச்செபே செய்த காரியத்தில் பாதியை நம் ஊரில் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கிறார். நாவல் எழுதவந்த நாங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது புஸ்தகத்தைக் கேட்டேன். சிநேகிதர் தரவில்லை. அவர் மனைவி படித்துக்கொண்டிருக்கிறாளாம். ஒகோன்க்வோவின் இரண்டாவது பெண்டாட்டி விஷயத்தில் அவளுக்கு அவரோடு தினம் சண்டையாம்.