நாடி இல்லாத இளஞ்சிவப்புக் கை

கையை ஊன்றி விழும் ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அடிக்கடி நடப்பதுதான். முறிந்த மேல்துண்டு முன்னே துருத்தும்போது, அதையொட்டி ஓடும் மேல்கைத் தமனி இழுபடும், மடங்கும், சில சமயம் முறிவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது மணிக்கட்டில் நாடி இல்லாமல் போகலாம்.

கை வெளுத்துக் குளிர்ந்திருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. உடனே எலும்பை நேராக்கிக் கம்பி செலுத்த வேண்டும். அப்போதும் இரத்தம் வராவிட்டால் திறந்து தமனியைப் பார்த்தாக வேண்டும். எலும்பு நேரான பின்னும் நாடி இல்லை, ஆனால் கை இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால்தான் குழப்பம். திறப்பதா, காத்திருப்பதா? 2011இல் வந்த அமெரிக்க எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்கள் அகாதமியின் வழிகாட்டுதல் இரண்டில் எதையும் பரிந்துரைக்கவில்லை. இரத்தம் ஓடும் கையைத் திறக்கத் தேவையில்லை என்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல்.

காத்திருப்பதில் நியாயம் உண்டு. முழங்கையைச் சுற்றிக் கிளைத்தமனிகள் வலையாகப் பின்னியிருக்கின்றன. சுருங்கிய தமனி தளர்ந்ததும் பல குழந்தைகளுக்கு நாடி தானே திரும்பிவிடுகிறது. அத்தனை சிறிய தமனியைத் தைத்தால், தைத்த இடமே பிறகு அடைத்துக்கொள்ளவும் கூடும்.

ஆனால் தோலின் நிறம் தசையின் நிலையைச் சொல்லாது. விரல் நுனிக்குப் போதும் இரத்தம் முன்கைத் தசைக்குப் போதாமல் போகலாம். பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் நல்ல எண்ணும் அதற்கு உத்தரவாதமல்ல. முன்கைக்குள் அழுத்தம் ஏறித் தசை செத்தால் விரல்கள் மடங்கி இறுகிவிடும். ஜெர்மனியின் ரிச்சர்ட் வோல்க்மன் 1881இல் விவரித்த ஊனம் இது. இறுக்கமான கட்டுகளை அவர் அன்றே குறிப்பிட்டார். வீங்கிய முழங்கையை அதிகம் மடக்கி இறுகக் கட்டுவது இன்றும் அதே கேட்டைத்தான் செய்கிறது.

நாடியோடு நடுநரம்பும் செயலிழந்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் பிடிக்கக் குழந்தையால் முடியவில்லை என்றால், இரண்டுமே முறிவில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே காத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது.

மற்றவர்களுக்குக் காத்திருக்கலாம், இரவெல்லாம் மணிக்கொருமுறை கையைப் பார்க்க ஆள் இருந்தால் மட்டும். ஆளில்லாத மருத்துவமனை, எலும்பை நேராக்கிய கையோடு, இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்குக் குழந்தையை அனுப்பிவிடுவதே சரி. வலியைத் தெளிவாகச் சொல்லத் தெரியாத வயது இது. குழந்தை அடங்காமல் அழுதால், விரலை மெல்ல நீட்டினாலே அலறினால், வலிமருந்தைக் கூட்டுவதற்கு முன் கட்டைப் பிரித்துப் பாருங்கள்.