மான்செஸ்டரின் ‘ரைஸ் அண்ட் த்ரீ’

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், நார்தர்ன் குவார்ட்டர் பகுதியிலுள்ள சிறு கறிக் கடைகளின் அடையாளம் ‘ரைஸ் அண்ட் த்ரீ’: ஒரு தட்டுச் சோறு, அதன்மேல் மூன்று கறி. சுற்றுவட்டாரத் துணிக் கிடங்குகளிலும் தையற்கூடங்களிலும் உழைத்த தெற்காசியத் தொழிலாளர்களின் மதியப் பசிக்காகப் பிறந்த சாப்பாடு இது. சோப் தெருவில் 1984 முதல் நடக்கும் ‘திஸ் அண்ட் தட்’ இவற்றில் பேர்போனது.

கல்லாவருகே கறிகள் சூடாகக் காத்திருக்கும். விரலை நீட்டினால் கரண்டி இறங்கும். கீமா, பருப்பு, கீரை மூன்றும் சேர்ந்தால் அருமை. பருப்பு சோற்றில் ஊறும். கீமாவின் எண்ணெய் அதன் ஓரத்தில் சிவப்பாகப் படரும். கீரையின் லேசான கசப்பு காரத்தைத் தணிக்கும். மூன்றும் கலக்கும் இடத்தில்தான் முழு ருசி. மேலே பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் தூவிக்கொள்ளலாம். கிழமைக்குக் கிழமை சில கறிகள் மாறும். ஆடம்பரமில்லாத இந்தத் தட்டுக்கு அந்நகரின் பெரிய உணவகங்கள் ஈடாகா.