முகம் இருக்கு, முகவரி இல்லை

மலையேறக் கிளம்பும் நண்பர் யாராவது இருந்தால், அவர் முதுகுப் பையை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஒரு பாட்டில், சப்பாத்தி நாலு, மழைக்கோட்டு ஒன்று. மிச்சமெல்லாம் கண்ணாடி. மூக்குக் கண்ணாடி இல்லை சார், கேமராக் கண்ணாடி! டெலிபோட்டோ லென்ஸ் என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் சின்ன பீரங்கி.

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 நடைபாதைகளைத் திறந்தது. காசு கட்டி, பதிவு செய்து, வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கலாம். நல்ல விஷயம். நடக்கிறவர்கள் படம் எடுப்பதும் நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் படங்களைப் பற்றி யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. சினிமாவுக்கு எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம், சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். புலிப் படத்தைப் பார்த்தால் மட்டும் 'ஆஹா' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த வாரம் நகரப்போவதில்லை.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. முதலில் செலவு.

காட்டுயிர்ப் படக்காரர்களின் கனவு, 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ். கேனான் கம்பெனி 1999-ல் கொண்டுவந்ததன் எடை 5.36 கிலோ. அதே லென்ஸின் 2018 மாடல் 3.05 கிலோ. பத்தொன்பது வருஷத்தில் 2.31 கிலோ இளைத்திருக்கிறது (நம்மில் எத்தனை பேரால் முடிந்தது?). விலை மட்டும் இளைக்கவில்லை. பத்து லட்சத்தைத் தாண்டும்.

ஏன் இத்தனை கனம் என்பதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150. அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற வாய் 150 மி.மீ. அகலமாக இருந்தாக வேண்டும். டிபன் தட்டு சைஸ். இதே எஃப்/4-ல் 300 மி.மீ. போதும் என்றால் வாய் 75 மி.மீ.தான். அகலம் பாதியானால் பரப்பு காலாகிவிடும். அகலம் குறையக் குறையத் தடிமனும் குறையும். தூரத்தை இரண்டு மடங்கு கிட்டே கொண்டுவர ஆசைப்பட்டால், கண்ணாடியை நாலு மடங்குக்கும் மேல் சுமக்க வேண்டும். வட்டிக்கு வட்டி மாதிரி.

லென்ஸ் மூன்று கிலோ. கேமரா ஒன்று. கை நடுங்காமலிருக்க ட்ரைபாட், அதன் தலை எல்லாம் சேர்த்து இன்னொரு மூன்று. ஆக ஏழு. விமானத்தில் கைப்பைக்கு அனுமதிக்கிற மொத்த எடை! விமானத்தில் அதைத் தலைக்கு மேலே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். மலையில் முதுகில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அந்த ஏழும் அடிவாரத்து ஏழு. வெள்ளியங்கிரி போய் வந்தவர்களைக் கேளுங்கள். முதல் மலையில் முழு பாட்டில் தண்ணீர் கூடத் தெரியாது. ஐந்தாவது மலையில் சட்டைப்பையில் இருக்கிற சில்லறை கனக்கும்.

செலவு இதோடு முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள கேலன் ரோவலைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் மலையேறி, படக்காரர். 2002-ல் விமான விபத்தில் மறைந்தார். 1981-ல் லாசாவில் இருந்தபோது வானவில் ஒன்று தோன்றுகிறது. பொட்டாலா அரண்மனை ஒரு பக்கம், வானவில் வேறு பக்கம். வானவில்லுக்கு ஒரு குணம் உண்டு: எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான் தெரியும், நாம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். ரோவல் மனசுக்குள் கணக்குப் போட்டார். எங்கே போய் நின்றால் வானவில் அரண்மனைமேல் வந்து இறங்குமோ அந்த இடத்துக்கு ஓடினார். நடக்கவே மூச்சு வாங்குகிற, கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில் ஓட்டம்! அந்தப் படம்தான் அவருடைய படங்களிலேயே பிரபலமானது.

முதுகில் ஏழு கிலோ இருந்திருந்தால்? வானவில் எங்கேயோ விழுந்திருக்கும். ரோவல் வேண்டுமென்றே சின்ன கேமரா, சின்ன லென்ஸ் என்று வைத்துக்கொண்ட ஆள். கனமான லென்ஸ் தோள்வலியை மட்டும் தருவதில்லை. நீங்கள் எங்கே நிற்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. 'இன்னும் நூறு அடி ஏறினால் அந்தப் பக்கம் தெரியுமே' என்ற எண்ணம் வரும்போது, 'இங்கேயே போதும்ப்பா' என்று சொல்வது நீங்கள் இல்லை. உங்கள் பை.

சரி, வரவுப் பக்கத்துக்கு வருவோம். இத்தனை சுமந்து என்ன கிடைக்கிறது?

முகம் கிடைக்கிறது. கண்ணிமை முடியை எண்ணலாம். மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயின் சிறகு தெரியும். முகத்துக்குப் பின்னால் எல்லாம் பச்சையாக, வழுவழுவென்று, கரைத்துவிட்ட மாதிரி. இந்தக் கரைசலுக்கு ஜப்பானியர்கள் 'பொகே' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். லென்ஸ் விளம்பரங்களில் இதைத்தான் கொண்டாடுவார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை.

இந்த மாதிரிப் படங்களுக்கு நான் வைத்திருக்கிற பரீட்சை, 'வண்டலூர் சோதனை'. புலி முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: இதை வண்டலூர் பூங்காவில் டிக்கெட் வாங்கிப் போய் எடுத்திருக்க முடியுமா? முடியும் என்றால், அவ்வளவு தூரம் போனது எதற்கு? காட்டில் எடுத்த முகத்துக்கும் கூண்டில் எடுத்த முகத்துக்கும் வித்தியாசம் சொல்லவேண்டிய பின்னணியைத்தான் லென்ஸ் கரைத்துக் குடித்துவிட்டதே! முகம் இருக்கு, முகவரி இல்லை. பாஸ்போர்ட் ஆபீஸுக்கு வேண்டுமானால் அனுப்பலாம்.

'ரசனை விஷயத்துக்கு ஏன் இத்தனை கோபம்?' என்று நீங்கள் கேட்கலாம். ரசனை மட்டும் இல்லை. வரையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. அது வாழ்வதற்கு வேண்டியது மலை உச்சிப் புல்வெளியும், ஆபத்து வந்தால் ஏறிக்கொள்ளச் செங்குத்துப் பாறையும். அந்தப் புல்வெளிகளில் பெரும் பகுதியைத் தேயிலையும் தைல மரமும் வாட்டில் மரமும் தின்றுவிட்டன. 2023-ல் தமிழக அரசு வரையாட்டுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. புல்வெளிகளை மீட்பதும் அதில் ஒரு வேலை.

இப்போது வரையாட்டின் முகப் படத்தைப் பாருங்கள். வளைந்த கொம்பு, தேன் நிறக் கண், பின்னால் வழுவழுப் பச்சை. அந்தப் பச்சை புல்லா, வாட்டிலா, தேயிலைத் தோட்டமா? சொல்ல முடியாது. எல்லாப் பச்சையும் ஒரே பச்சை. வரையாட்டைப் பற்றி இன்றைக்குச் சொல்லவேண்டிய முக்கியமான சேதி எதுவோ, அது மட்டும் படத்தில் இல்லை. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து பார்க்கிறவர் ஆட்டைக் காதலிக்கக் கற்றுக்கொள்கிறார். ஆட்டுக்கு ஒரு வீடு வேண்டும் என்று கற்றுக்கொள்வதில்லை. மலை அழியும்போது அவருக்கு ஒன்றும் உறைக்காது. முகம்தான் பத்திரமாக அவர் போனில் இருக்கிறதே!

கனமான கருவி என்றாலே இப்படித்தான் ஆகும் என்றும் சொல்லிவிட முடியாது. நம்ம ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-லிருந்து சாகும்வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! (வாரா வாரம் எழுதுகிற என் போன்றவர்கள் இந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும்.) ஒரு கம்பெனியின் கேமராவில் இன்னொரு கம்பெனியின் டெலிபோட்டோ லென்ஸைத் தானே பொருத்தி, கண்ட பாகங்களையெல்லாம் சேர்த்து ஒரு கருவி செய்து வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பெயரிலேயே கனம் தெரிகிறது இல்லையா? அதைப் பார்த்த இ.பி. ஜீ என்ற இயற்கையாளர், உள்ளே எங்கேயோ கம்பியும் கயிறும் வைத்துக் கட்டியிருப்பார் என்கிற ரீதியில் வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்.

கிருஷ்ணன் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. நடந்தும், யானை மேல் உட்கார்ந்தும் எடுத்தவை. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1975-ல் புத்தகமாக வந்தது. அதாவது அவருக்குப் படம் என்பது அலங்காரம் இல்லை, ஆதாரம். ஆதாரத்துக்கு முகம் மட்டும் போதாது. மிருகம் எங்கே நிற்கிறது, என்ன தின்கிறது, யாரோடு நிற்கிறது எல்லாம் வேண்டும். யானை என்றால் காலடியில் இருக்கும் புதரும் வேண்டும். டெலிபோட்டோதான், கனம்தான். ஆனால் பின்னால் நின்றவர் மிருகத்தின் விலாசத்தை விசாரிக்கிற ஆள்.

இன்னொரு சாட்சி வெளிநாட்டுக்காரர். பிரான்ஸின் வின்சென்ட் முனியே, திபெத்தில் பனிச்சிறுத்தையைத் தேடி அலைந்ததை மாரி அமிகே 2021-ல் ஆவணப்படமாக எடுத்தார். ஆங்கிலத்தில் 'தி வெல்வெட் குயீன்'. அதில் ஒரு புகைப்படம் காட்டுவார்கள். பாறை மேல் ஒரு வல்லூறு. முனியே எடுத்தது அந்தப் பறவையைத்தான். பிற்பாடு சாவகாசமாகப் பார்க்கும்போதுதான் தெரிகிறது: பாறை விளிம்புக்கு மேலே இரண்டு காது, இரண்டு கண். பனிச்சிறுத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

முனியேவிடமும் நீளமான லென்ஸ்தான். ஆனால் பறவையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். 'இன்னும் கிட்டே, இன்னும் பெரிசா' என்று வல்லூறின் அலகுவரை போயிருந்தால், தேடிப்போன சிறுத்தை சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். படத்தின் காலி இடம் காலி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல ருசு எனக்குத் தெரியாது.

நியாயமாக எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். நீளமான லென்ஸ் ஒரு மரியாதை. கூட்டில் குஞ்சு வைத்திருக்கிற இருவாச்சியிடம் கிட்டே போகாதீர்கள். காட்டு யானையிடம் போகவே போகாதீர்கள், படம் வரும், நீங்கள் வர மாட்டீர்கள். தள்ளி நிற்கத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு: தள்ளி நின்றதை ஏன் மறைக்கிறீர்கள்? மிருகம் தூரத்தில் இருந்தது என்பது உண்மை. படத்தில் அது சின்னதாக விழுந்தால் அது தோல்வி இல்லை, அந்த உண்மைதான். அது மட்டுமில்லை, உச்சி வெயிலில் எதிர்மலைப் பாறை மேல் நிற்கிற ஆட்டை எடுத்தால், நடுவிலிருக்கிற சூடான காற்று நெளிந்து படத்தைக் குழப்பிவிடும். பத்து லட்ச ரூபாய்க் கண்ணாடியாலும் கானலை ஜெயிக்க முடியாது.

எடைப் பிரச்னையே இனி இருக்காது என்கிறார்கள். ஃப்ரெனல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, வட்ட வட்டமாகப் படிக்கட்டு வைத்துக் கண்ணாடியை மெலியவைக்க வழி கண்டுபிடித்து, 1823-ல் கலங்கரை விளக்கத்தில் பொருத்தினார். அவர் பெயரைத் தாங்கிய நுணுக்கமான கண்ணாடியை வைத்து நிக்கான் 2015-ல் ஒரு 300 மி.மீ. எஃப்/4 லென்ஸ் செய்தது. பழையது 1,440 கிராம், இது 755. கேனானின் 2020 மாடல் ஒன்று, 600 மி.மீ. லென்ஸ், ஒரு கிலோகூட இல்லை. ஆனால் எஃப்/11. அந்த மூன்று கிலோக்காரர் உள்ளே விடுகிற வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் விடும். சோலைக்காட்டு நிழலில் கஷ்டம். திறந்த புல்வெளியில் தாராளமாகப் போதும். முழங்கால் முக்கியம் என்று நினைக்கிறவர்கள் யோசிக்கலாம்.

முதுகுக்கு நல்ல சேதி. படத்துக்கு? லேசான லென்ஸிலும் முகம் மட்டுமே எடுக்கலாம். இன்னும் அதிகமாகவே எடுப்பார்கள். ஆகவே என் ஐந்தொகையில் கடைசி வரி கிலோவில் இல்லை. மலையைச் சுமந்து ஏறிப் பார்த்துவிட்டு, மலை இல்லாத படத்தோடு இறங்கி வருவதுதான் நஷ்டம். அந்த நஷ்டம் மூன்று கிலோவிலும் உண்டு, முக்கால் கிலோவிலும் உண்டு.

அடுத்த தடவை மலைக்குப் போய் வந்து படங்களைப் பார்க்கும்போது, மிருகம் சின்னதாக விழுந்துவிட்டதே என்று எதையும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். மூலையில் யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.